விழுந்த வேம்பும் புது செயின்சாவும்: முதன்முதலாக மரம் அறுப்பவர்களுக்கு

2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அன்று பொழுது சாயும் நேரத்தில், உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் முழுக்கக் கடல்மணல். மணல் ஊறிவிட்டால் வேரைப் பிடித்து வைக்காது. மரம் முறியாமல், வேரும் மண்ணும் ஒரே தட்டாகப் பெயர்ந்து எழுந்து நிற்கும். எங்கள் வேம்பின் வேர்த்தட்டு ஆள் உயரம் இருந்தது.

ஊரெல்லாம் மரம் விழுந்திருந்ததால் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. சரி, நாமே அறுத்துவிடலாம் என்று 58 சிசி செயின்சா ஒன்றை வாங்கினேன். 18 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு. அறுக்கத் தெரியாது. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டியே பாதி ஆயுளைக் கழித்த அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மரம் படுத்துக்கெடக்குன்னு நெனைக்காத. அது இன்னும் கையை ஊனிக்கிட்டு உக்காந்திருக்கு."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான். மிஷினை ஓட்டுவது அரை நாளில் பிடிபட்டுவிடும். பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகத்தான் நாளாகும்.

மிஷினைத் தொடும் முன்

மரத்தின் மேலோ கீழோ மின்கம்பி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மரம் சாலையோரத்திலோ புறம்போக்கிலோ விழுந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

உடை. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு எதுவும் கூடாது. முழுக்கால் சட்டை, விரலை மூடும் கெட்டி ஷூ, கண்ணாடி, கையுறை, காதடைப்பான். இந்த மிஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதை மூடாமல் ஒரு மணி நேரம் அறுத்தால் ராத்திரியெல்லாம் காதுக்குள் வண்டு இரையும். தடித்த ஜீன்ஸ் போதும் என்பார்கள், போதாது. செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஜீன்ஸ் அதற்குக் காகிதம். காலுக்கென்றே நார் வைத்துத் தைத்த கவசம் விற்கிறார்கள். செயின் பட்டதும் அந்த நார் உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். செருப்புக்காலோடு அறுக்கிறவர்களை எங்கள் ஊரிலும் பார்க்கிறேன். அதைப் பார்த்துத் துணிச்சல் வர வேண்டாம்.

தனியாக அறுக்கவே கூடாது. கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள், அவரிடம் போன், பக்கத்தில் சுத்தமான துணியும் கட்டுத்துணியும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோலும் செயினும்

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஷினோடு வரும் புத்தகத்தில் 50-க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூடி (2T) ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவு வேண்டாம். மருந்துக்கடையில் சிரிஞ்சு வாங்கி அளந்துகொள்ளுங்கள். தனி கேனில் கலந்து குலுக்கிய பிறகே டாங்கில் ஊற்ற வேண்டும்.

இன்னொரு டாங்க் செயின் ஆயிலுக்கு. பெட்ரோல் ஒரு டாங்க் தீரும்போது இதுவும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்றால் ஆயில் போகும் துளை மரத்தூளால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

செயினை மாட்டும்போது நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிவிட்டேன். மிஷின் அலறுகிறது, புகை வருகிறது, மரத்தில் கீறல்கூட விழவில்லை. பாரின் மேல்விளிம்பில் ஓடும் பற்களின் கூர்முனை பாரின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இறுக்கம் சரியா என்று பார்க்க, எஞ்சினை அணைத்துவிட்டுக் கையுறையோடு செயினை இழுத்துப் பாருங்கள். பாரின் அடியில் தொங்கக் கூடாது, ஆனால் கையால் இழுத்தால் வழுக்கி ஓட வேண்டும். புதுச் செயின் முதல் கால் மணி நேரத்திலேயே நீண்டு தளரும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்வது

ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறுகையால் கயிற்றை இழுக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். மிஷினைத் தரையில், ஒரு பலகை மேல் வையுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்னே தள்ளினால் செயின் பிரேக் விழும். வலது ஷூவின் முனையைப் பின்கைப்பிடிக்குள் விட்டு மிதித்து, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்திக்கொண்டு இழுங்கள். சோக் போட்டு இழுக்கும்போது ஒரு இருமல் இருமும். உடனே சோக்கைத் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இருமிய பிறகும் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்துபோகும்.

இரண்டு அடிக்கு மேல் நகர்வதாக இருந்தால் பிரேக் போட்டுத்தான் நகர வேண்டும். பிடிக்கும்போது இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும். தோளுக்கு மேல் மிஷினை உயர்த்தவே வேண்டாம்.

பாரின் மூக்கு, அதிலும் மூக்கின் மேல் கால்வாசி, எதிலும் இடிக்கக் கூடாது. அந்த இடம் ஒரு கிளையைத் தொட்டால் போதும், மிஷின் முகத்தை நோக்கி எகிறி வரும். கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. அதனால்தான் அறுக்கும் கோட்டுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். எகிறினாலும் வலது தோளைத் தாண்டிப் போய்விடும்.

கிளைகள்

முதலில் எதன் மேலும் அழுந்தாமல் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் கொப்புகளை எடுங்கள். அடிமரம் உங்களுக்கும் கிளைக்கும் நடுவே இருக்கும்படி நின்று அறுப்பது நல்லது. அண்ணன் சொன்ன அந்தக் "கை", அதாவது தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கும் கிளைகள், கடைசிக்கு. அதில் ஒன்றை அவசரப்பட்டு எடுத்தால் மொத்த மரமும் உங்கள் பக்கம் புரளும்.

வில்லாக வளைந்து, நுனி மரத்துக்கடியில் மாட்டிய கொப்பு இருக்கும். மெல்லியதாகத்தான் இருக்கும். ஒரே வெட்டில் அறுத்தால் கவண் மாதிரி தெறித்து முகத்தில் அடிக்கும். வளைவின் உள்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சீவி அதன் முறுக்கை இறக்க வேண்டும். பக்கத்தில் நிற்காதீர்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை, மணல். ஓடும் செயின் ஒரு நொடி மணலைத் தொட்டால் அன்றைய கூர் போச்சு. நான் முதல் நாளே இரண்டு முறை தொட்டேன். பட்டை இடுக்கில் ஒட்டிய மணலும் அப்படித்தான். அறுக்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். வீட்டு மரம் என்றால் ஆணியையும் தேடுங்கள். கொடிக்கயிறு கட்டிய ஆணி, ஊஞ்சல் வளையம், என் அப்பா அடித்து மறந்த கொக்கி என்று எங்கள் வேம்பில் மூன்று கிடைத்தன.

அடிமரம்: பாரம் எங்கே?

இங்கேதான் நிதானம் வேண்டும். எஞ்சினை அணைத்து வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள், மரத்துக்கடியில் வெளிச்சம் தெரிகிற இடம் எது என்று.

இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் விரிகிறது. மேலிருந்தே முழுக்க அறுத்தால் பாரைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: கீழே மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு மேலிருந்து. கீழிருந்து அறுக்கும்போது பாரின் மேல்விளிம்பு வேலை செய்வதால் மிஷின் உங்களைப் பின்னால் தள்ளும். கையைத் தளர்த்தாதீர்கள்.

மரம் முழுக்கத் தரையில் படிந்திருந்தால் மேலிருந்து முக்கால்வாசி அறுத்து, கடப்பாரை போட்டுப் புரட்டி, மறுபக்கத்தில் மிச்சத்தை முடியுங்கள். மணலுக்குள் செயின் போகாமல் இருக்க வேறு வழி இல்லை. அடியில் முட்டுக்கட்டை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் துண்டத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அறுவாயை, அதாவது அறுத்த பிளவின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் தூள் பறக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெள்ளையாக வந்துகொண்டிருந்த தூள், உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டை வந்ததும் செம்மண் நிறத்துக்கு மாறியது. உதட்டில் பட்டுக் கசந்தது. அதற்குள் அரை விரல்கடை அகலம் இருந்த அறுவாய் நூல் கனத்துக்குச் சுருங்கி, பார் சிக்கி, எஞ்சின் நின்றுவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. அண்ணன் வந்து மிஷினைத் தொடாமல், அறுவாய்க்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்து மரத்தை ஒரு அங்குலம் தூக்கினார். பார் தானே கழன்று வந்தது.

அதற்குப் பிறகு பூவரசங்கட்டையில் செதுக்கிய நாலு ஆப்பு எப்போதும் பக்கத்தில் இருக்கும். பார் உள்ளே முழுக்கப் போனதும் அதற்குப் பின்னால் அறுவாயில் ஒரு ஆப்பை அடித்துவிடுங்கள், வாய் மூடாது. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போய்விடும்.

எங்கள் வேம்பின் தூர்ப்பக்கம் 24 அங்குலக் குறுக்களவு. பாரோ 18 அங்குலம். இப்படி இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து பாதி அறுத்து, சுற்றி வந்து இந்தப் பக்கம் முடிக்க வேண்டும். மிஷினின் உடம்பையொட்டி இருக்கும் இரும்புப் பற்களை மரத்தில் ஊன்றி நெம்பினால் கை வலிக்காது. அழுத்த வேண்டியதே இல்லை. கூர் இருந்தால் மிஷின் தன் பாரத்திலேயே இறங்கும். அழுத்தினால்தான் இறங்குகிறது, தூள் மாவாக வருகிறது என்றால் அரம் போட நேரம் வந்துவிட்டது. கூரான செயின் சிம்பு சிம்பாகத் தூள் தள்ளும். உருட்டு அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது, .325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் மூன்று நான்கு இழுப்பு.

துண்டம் எவ்வளவு நீளம்? அந்தக் கனத்தில் ஒரு அடி நீளப் பச்சை வேம்பே ஏறக்குறைய 80 கிலோ இருக்கும். விறகுக்கு ஒரு அடி போதும். ஆசாரிக்குக் கொடுக்க நினைத்தால் நேரான பாகத்தை முன்பே குறித்து முழுசாக விட்டுவிடுங்கள். நாங்கள் ஆறடிக் கட்டை ஒன்றை அப்படி விட்டோம், இப்போது அது நிலைக்கதவுச் சட்டம்.

வேர்த்தட்டு

இந்த வெட்டை நான் செய்யவில்லை, அண்ணன்தான் செய்தார். நீங்களும் முதல் மரத்தில் செய்ய வேண்டாம் என்பேன். அடிமரத்தின் பாரம்தான் வேர்த்தட்டைச் சாய்த்து வைத்திருக்கிறது. அதை அறுத்துவிட்டதும் தட்டு திரும்பிக் குழிக்குள் விழலாம், முன்னால் கவிழவும் செய்யலாம். குழிக்குள் ஆடோ நாயோ பிள்ளையோ இருக்கிறதா என்று கடைசி நொடிவரை ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணன் தூரிலிருந்து ஐந்தடி விட்டு அறுவாய் குறித்தார். குட்டையாக விட்டால் முன்னால் கவிழும் என்றார். தட்டை வடக்கயிறு போட்டுப் பின்னால் இருந்த பனையில் கட்டினோம். வெட்டுக்கு இரண்டு பக்கமும் முட்டு. மேலே கொஞ்சம் அறுத்து, ஆப்பு அடித்து, பிறகு கீழிருந்து அறுத்தார். கடைசி இரண்டு அங்குலத்தில் வேர்ப்பக்கம் நறநறவென்று சத்தம் கேட்டது. மிஷினை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஐந்தடி அடிமரம் மெல்ல எழுந்து, குழிக்குள் உட்கார்ந்து, நேராக நின்றது.

சாயங்காலம்

கடலோரத்தில் மிஷினை அப்படியே மூலையில் போட்டால் உப்புக்காற்று ஒரே வாரத்தில் செயினைச் சிவப்பாக்கிவிடும். செயினைக் கழற்றி, மணலும் தூளும் போகத் துடைத்து, ஒரு டப்பாவில் ஆயில் ஊற்றி ஊறப்போடுங்கள். பாரின் பள்ளத்தில் சேர்ந்த தூளைச் சுரண்டி எடுங்கள். ஏர் பில்டரைத் தட்டுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். அடுத்த வாரமும் வேலை இருந்தாலொழிய டாங்கில் மிச்சம் வைக்காமல் வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.