அடைகாக்கும் பெட்டியில் ஈரப்பதம்: மீட்டரை நம்பும் முன் முட்டையை எடை போடுங்கள்

என் முதல் ஈட்டில், கோழி முட்டை பொரிக்க வேண்டிய 21 நாள் கடந்து இருபத்து மூன்றாம் நாள் மாலை, பொரிக்காமல் நின்ற ஒன்பது முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். ஏழு முட்டைகளில் குஞ்சு முழுதாக வளர்ந்திருந்தது. அலகு, நகம், மேல் பூ மயிர் எல்லாம் இருந்தன. ஆனால் ஓட்டுக்குள் சொதசொதவென்று ஈரம். காற்றறை ஒரு ரூபாய் நாணய அளவுகூட இல்லை. வெப்பம் ஒரு நாளும் 37.5 டிகிரியை விட்டு நகரவில்லை. ஈரம் குறைந்தால் குஞ்சு செத்துவிடும் என்று கேள்விப்பட்டதை வைத்து, பெட்டியின் அடி முழுவதும் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தேன். ஈரப்பத மீட்டர் முதல் 18 நாளும் 70 சதவீதம் காட்டியது. அதுதான் அந்த ஏழு குஞ்சுகளைக் கொன்றது.

கோழி முட்டையின் ஓடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக வேண்டும். நீர் போன இடத்தில், அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு அந்தக் காற்றறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கிறது. ஈரம் மிகுந்தால் அறை சிறுத்துப்போகிறது. குஞ்சுக்குக் காற்றும் இல்லை, திரும்ப இடமும் இல்லை. ஈரம் குறைந்தால் குஞ்சு வற்றிச் சிறுத்து, சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது.

தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, டபிள்யூ1209 வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை, 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஆகியவற்றை இணைத்து வெப்பத்தை நிலைநிறுத்திவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விசிறி இல்லாத பெட்டிக்கு இந்தக் கணக்குகள் அப்படியே பொருந்தாது.

படி 1: மீட்டரைச் சோதியுங்கள்

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விடுங்கள். ஈர மணல் போல இருக்க வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரப்பத மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என்னிடம் இருந்த இரண்டு டிஜிட்டல் மீட்டர்களில் ஒன்று 68 காட்டியது, மற்றொன்று 81. இப்போது ஒன்றின் முதுகில் '7 கூட்டு' என்றும் மற்றொன்றில் '6 கழி' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். முள் வைத்த வட்ட மீட்டரை வாங்கவே வாங்காதீர்கள். விலை உயர்ந்த ஒன்றைவிட, சோதித்த இரண்டு மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் மேல். அவற்றை முட்டையின் உயரத்தில், தண்ணீர்த் தட்டுக்கு எட்டத்தில் வையுங்கள்.

படி 2: தண்ணீரின் பரப்பு

தட்டில் எவ்வளவு ஆழம் தண்ணீர் இருக்கிறது என்பது ஈரப்பதத்தைத் தீர்மானிக்காது. காற்று படும் மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது. ஆழம் கூடினால் அடுத்த முறை ஊற்ற வேண்டிய நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதனால் ஒரே பெரிய தட்டைத் தவிர்த்து, நான்கைந்து சிறிய டப்பா மூடிகளை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டவும் குறைக்கவும் எளிது. முதல் 18 நாட்களுக்கு 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கட்டும்.

ஈரம் நிற்கவில்லை என்று காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். உள்ளே வளரும் குஞ்சு மூச்சு விடுகிறது. துளையைத் திறந்து வைத்து, தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள்.

படி 3: வெளியே என்ன பருவம்?

இது எனக்குப் புரிய ஓராண்டு ஆனது. மார்கழி விடியலில் எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் பனி கொட்டுகிறது, துணிகூடக் காய்வதில்லை; ஆனால் பெட்டிக்குள் மீட்டர் 30 காட்டியது. மீட்டர் பழுதென்று நினைத்தேன். பழுதில்லை. குளிர்ந்த காற்று ஈரத்தால் நிரம்பியிருந்தாலும் அது பிடித்திருக்கும் நீர் குறைவு. 20 டிகிரியில் 80 சதவீத ஈரம் உள்ள காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே நீர் 29 சதவீதமாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் 27 டிகிரியில் 90 சதவீதம் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் ஏறத்தாழ 50 வரும். அதாவது அந்த நாட்களில் பெட்டிக்குள் தண்ணீரே வேண்டாம். நாகப்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை அடைமழைக் காலத்தில் முதல் 18 நாளும் மூடிகளை வெறுமையாகவே விடுகிறாள்; நன்றாகப் பொரிக்கிறது.

என் அம்மாயி கூடையில் மணல் பரப்பி அடை வைப்பார். பங்குனி, சித்திரையில் மணல் ஓரத்தில் தண்ணீர் தெளிப்பார். ஐப்பசியில் தொடவே மாட்டார். காரணம் கேட்டதில்லை என்பது இப்போது வருத்தமாக இருக்கிறது.

படி 4: எடை

இந்த ஒரு படியை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள். மீட்டர் காற்றைப் பற்றித்தான் சொல்கிறது. முட்டை எவ்வளவு நீரை இழந்தது என்பதைத் தராசு சொல்கிறது. பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டும். 11 முதல் 14 வரை இருந்தால் கவலை இல்லை.

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். 42 கிராம் நாட்டுக்கோழி முட்டை ஒன்று பதினெட்டு நாளில் ஐந்து கிராம்தான் குறையும் என்பதால், தனித்தனியாகப் பார்த்தால் பிழை பெரிதாகத் தெரியும். எல்லா முட்டைகளையும் சேர்த்து நிறுங்கள். இருபது முட்டைகள் 840 கிராம் என்றால், ஆறாம் நாள் 34 கிராம் குறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் நாள் 67, பதினெட்டாம் நாள் 101. ஆறாம் நாள் 20 கிராம்தான் குறைந்திருக்கிறதா? தண்ணீர் மூடிகளை எடுத்துவிடுங்கள். 50 கிராம் போய்விட்டதா? இன்னொரு மூடி வையுங்கள். அடுத்த ஆறு நாளில் சரியாகிவிடும்; ஒரே நாளில் திருத்த முயல வேண்டாம். இருட்டறையில் டார்ச் ஒளியில் காற்றறையையும் பாருங்கள், ஆனால் தராசுக்கே முதலிடம் கொடுங்கள்.

(பின்னர் சேர்த்தது: ஏழாம் நாள் மூன்று கூமுட்டைகளை எடுத்துவிட்ட ஒருவர், பன்னிரண்டாம் நாள் மொத்த எடை சரிந்ததைக் கண்டு பதறி, தண்ணீரை இரட்டிப்பாக்கிவிட்டார். தொடக்கத்திலேயே ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் எண்ணும் எடையும் எழுதுங்கள். எடுத்துவிட்ட முட்டையின் தொடக்க எடையைத் தொடக்க மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம்.)

படி 5: கடைசி மூன்று நாள்

பதினெட்டாம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 65 முதல் 70 வரை ஏற்றுங்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பின் உள்சவ்வு காய்ந்தால், குஞ்சால் அதைக் கிழிக்க முடியாது. ஒரு சமையலறைப் பஞ்சை (ஸ்பாஞ்ச்) நிற்க வைத்துத் தண்ணீரில் ஊறவிட்டால் பரப்பு சட்டென்று கூடும். ஒவ்வொரு ஈட்டுக்கும் புதுப் பஞ்சு. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் குழாயைப் பெட்டியின் துளை வழியே தட்டுக்கு விட்டு, வெளியிலிருந்து வெதுவெதுப்பான நீரைச் செலுத்துங்கள். பெட்டியின் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை.

என் இரண்டாம் ஈட்டில், தவித்த ஒரு குஞ்சுக்கு உதவ மூடியைத் திறந்தேன். பாதி உடைத்திருந்த மற்ற மூன்று முட்டைகளின் சவ்வு காகிதம் போல வெளுத்து இறுகிவிட்டது. அந்த மூன்றும் வெளியே வரவில்லை.

குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கியதும் மீட்டர் 80-ஐத் தாண்டியது என்று பலர் பயந்து கேட்கிறார்கள். நனைந்த குஞ்சின் உடலிலிருந்து எழும் ஈரம் அது. தட்டைத் தொட வேண்டாம், காற்றுத் துளைகள் மட்டும் திறந்திருக்கட்டும். பொரித்த குஞ்சு, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டே ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மயிர் உலர்ந்து பஞ்சாகும் வரை உள்ளேயே விடுங்கள். மற்ற முட்டைகளில் கீறல் விழுந்திருந்தால், அவை வெளியே வந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூண்டுக்கு மாற்றுங்கள்.