வெள்ளைக்காரர் காலத்து ஜெயில் டிக்கெட்டை எப்படி வாசிப்பது

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் என்று சொல்லி, ஜெயிலில் கைதிக்கென்று தனியாக எழுதிவந்த ஹிஸ்டரி டிக்கெட்டின் மங்கிப்போன நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பதிவேடுகளைப் புரட்டியே என் கண் போயிற்று என்று வீட்டில் சொல்வார்கள். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: என்றைக்கு உள்ளே போனார், என்றைக்கு வெளியே வந்தார். 1972-இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தபோது பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்டார்கள். அப்போது பிடித்த பழக்கம் இது. தேதி கிடைத்ததும் காகிதத்தை மடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை. அவர் என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார், உடம்பு எப்படி இளைத்தது, யார் கையில் அடி வாங்கினார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலும் அதோடு சேர்ந்த ஜெயில் புத்தகங்களிலும் இருக்கிறது. அதை எடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். எந்த வரியைப் படித்தாலும், இதை எழுத வேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். ஜெயிலில் யாரும் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. 1894-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டமான சிறைச் சட்டம், யார் எதை எந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று பிரித்துக் கொடுத்திருந்தது. அதை ஒட்டி ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று ஒரு ஜெயில் மேனுவல் போட்டது. அந்தச் சட்டத்தில் மொத்தம் 62 பிரிவுகள்தான். பொறுமையாக உட்கார்ந்தால் ஒரே நாளில் படித்துவிடலாம். பதிவேட்டைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஆட்களை வரிசைப்படுத்திக்கொள்வது அடுத்த வேலை. தலைமேல் சூப்பிரண்டு. ஒழுங்கு, வேலை, செலவு, தண்டனை எல்லாம் அவர் கையில். அவருக்குக் கீழே ஜெயிலர். கைதியை உள்ளே அனுப்பிய வாரண்டு, கைதியிடமிருந்து வாங்கி வைத்த காசு, மோதிரம், துணிமணி எல்லாவற்றுக்கும் ஜெயிலர்தான் பொறுப்பு. எழுத்துமூலம் அனுமதி இல்லாவிட்டால் அவர் ஜெயிலுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது. கேட்டில் இருப்பவர் உள்ளே போகிற, வெளியே வருகிற எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்கலாம், சந்தேகப்பட்ட ஆளை நிறுத்திச் சோதிக்கலாம். கைதிக்கு எதையும் விற்கவோ அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளவோ எந்த ஊழியருக்கும் உரிமை கிடையாது. அப்படி ஒரு பிரிவையே எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே வார்டர்கள் மத்தியில் பீடி, புகையிலை வியாபாரம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் குடும்பத்தார் தவறவிடுவது கைதி அதிகாரிகளைத்தான். நன்னடத்தை உள்ள கைதிகளையே பொறுக்கியெடுத்து இரவுக் காவல், மேற்பார்வை, வார்டர் வேலைகளில் வைத்தார்கள். 23-ஆவது பிரிவு அவர்களை அரசு ஊழியர் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே, உங்கள் தாத்தா ‘வார்டரை எதிர்த்துப் பேசினார்’ என்று எழுதியிருந்தால், அந்த வார்டர் சம்பளக்காரனா அல்லது தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இன்னொரு கைதியா என்று பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘கான்விக்ட்’ (தண்டனைக் கைதி) என்பதன் சுருக்கம் இருக்கும். கைதிக்கு மேல் கைதியை நிறுத்தியதில் அரசாங்கத்துக்குச் சம்பளம் மிச்சம். அடியும் வசவும் நேரடியாக வந்தது பல சமயம் அந்த இடத்திலிருந்துதான்.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். ஹிஸ்டரி டிக்கெட் என்பது ஒரு கைதிக்கு ஒன்று. அவர் எங்கே போனாலும் கூடவே போகும். தலைப்பில் கைதி எண், குற்றப் பிரிவு, தண்டனை இருக்கும். ஆர்.ஐ. என்றால் கடுங்காவல், எஸ்.ஐ. என்றால் வெறுங்காவல். 1930-க்குப் பிந்தைய டிக்கெட்டில் ஏ, பி, சி என்று வகுப்பும் இருக்கும். வக்கீல், மிராசுதார் என்று வசதியுள்ளவர்களுக்கு ஏ, பி கிடைத்தது. தறியிலும் வயலிலும் இருந்து வந்த பெரும்பாலான தொண்டர்கள் சி வகுப்பில் களி தின்றார்கள். உங்கள் தாத்தா சி வகுப்பு என்றால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

சேர்க்கை நாளில் மருத்துவ அதிகாரி கைதியைப் பரிசோதித்து மூன்றை எழுத வேண்டும்: உடல்நிலை, உடம்பில் உள்ள காயமும் தழும்பும், எந்த வகை வேலைக்குத் தகுதி என்பது. காயம் என்ற இடத்தை விரலை வைத்துப் படியுங்கள். உப்புச் சத்தியாகிரகத்திலோ மறியலிலோ பிடிபட்டவருக்கு அங்கே புதுக் காயம் எழுதியிருந்தால், அது ஜெயிலுக்கு வருவதற்கு முன்பே பட்டது என்பதற்கு அரசாங்கமே எழுதிக்கொடுத்த சாட்சி.

அடுத்து எடை. டிக்கெட்டில் என் கண் எப்போதும் முதலில் போவது அங்கேதான். வேலை செய்கிற ஒவ்வொரு கைதியையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நிறுத்து, டிக்கெட்டில் பதிய வேண்டும் என்கிறது 35-ஆவது பிரிவு. ராத்தல் கணக்கில் இருக்கும். 100 ராத்தல் என்றால் நம் கணக்குக்கு 45 கிலோ. திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர் தன் தாத்தாவின் டிக்கெட் நகலைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டத்தில் 118, 117, 113, 109, 104 என்று ஒரே கையெழுத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்துக் கட்டத்தில் வேலை: கல் உடைத்தல். 104-க்கு அப்புறம் வேலை மாறி, கயிறு திரித்தல் என்று வருகிறது. பிறகு 104, 106. அந்த அம்மா பென்சிலால் நகலின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, ‘இந்த இரண்டு மாசம்தான் பாட்டி மனு எழுதிக்கொண்டே இருந்தாளாம்’ என்றார். எடையையும் வேலையையும் தேதிவாரியாக ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். எந்த வேலை அவரை உருக்கியது என்பது தானாகவே தெரியும்.

வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். அதற்கு மேல் போனால் சூப்பிரண்டின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆனால் எண்ணெய்ச் செக்கு இழுத்தவருக்கு ஒன்பது மணி நேரம் என்பதே என்ன என்று யோசியுங்கள். வ.உ.சி. கோயம்புத்தூர் ஜெயிலில் இழுத்த செக்கு இப்போது சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. போய் ஒருமுறை பாருங்கள். ‘செக்கு’ என்று டிக்கெட்டில் எழுதியிருக்கும் ஒற்றைச் சொல்லின் கனம் அங்கே புரியும்.

டிக்கெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். தண்டனைப் புத்தகம் தனி. அதில் கைதியின் பெயர், எண், குற்றம், முன்பு எத்தனை முறை குற்றம், கொடுத்த தண்டனை, நிறைவேற்றிய தேதி எல்லாம் எழுதி, ஜெயிலரும் சூப்பிரண்டும் இன்ஷியல் போட வேண்டும். தண்டனைகளுக்கும் எல்லை இருந்தது. பட்டினி உணவு, அதாவது தண்டனையாகக் குறைத்துக் கொடுக்கும் சாப்பாடு, தொடர்ச்சியாக 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கொட்டடி அடைப்பு, அதாவது தனி அறையில் பூட்டிவைப்பது, 14 நாளைத் தாண்டக் கூடாது. பிரம்படி 30-க்கு மேல் கூடாது. அடி என்றால் சூப்பிரண்டு சாட்சியத்தின் சாரம், கைதி சொன்ன பதில், தன் முடிவு, அதற்குக் காரணம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கைதியின் சொந்த வார்த்தை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கக்கூடிய இடம் அதுதான். அதனால் ‘அடி’ என்று கண்டால் சுருக்கத்தோடு திருப்திப்படாமல் அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டு வாங்குங்கள்.

குற்றம் என்ற கட்டத்தில் ‘நோய் என்று பாசாங்கு செய்தல்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது சட்டப்படி சிறைக்குற்றம். அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு எடைக் கட்டத்துக்குத் திரும்புங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தால் அந்த ஆள் பாசாங்கு செய்யவில்லை. சரி, டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அடியோ பட்டினியோ கொடுப்பதற்கு முன் கைதியின் உடம்பு தாங்கும் என்று மருத்துவ அதிகாரி சான்று தர வேண்டும் என்பது விதி. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு, மருத்துவ அதிகாரியும் சூப்பிரண்டும் ஒருவராகவே இருக்கலாம் என்கிறது. பெரிய மத்தியச் சிறைகள் பலவற்றில் ஐ.எம்.எஸ். (இந்திய மருத்துவப் பணி) டாக்டர்களே சூப்பிரண்டாக இருந்தார்கள். தண்டனை விதித்தவரும் தாங்கும் என்று கையெழுத்திட்டவரும் ஒரே ஆள் என்றால், அந்தச் சான்றுக்கு நான் மதிப்பே கொடுக்க மாட்டேன். இரண்டு இன்ஷியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஆள் ஜெயிலிலேயே இறந்துபோனவர் என்றால், 15-ஆவது பிரிவின்படி எழுதிய மரணப் பதிவைக் கேளுங்கள். மருத்துவ அதிகாரி தெரிந்தவரை இவற்றை எழுத வேண்டும்: முதன்முதலில் உடம்பு சரியில்லை என்று சொன்ன நாள், அன்றைக்கு என்ன வேலையில் இருந்தார், அன்றைக்கு என்ன உணவு அளவு, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், தனக்குத் தகவல் வந்த நாள், என்ன நோய், தானோ துணை மருத்துவரோ கடைசியாக எப்போது பார்த்தது, எப்போது உயிர் போனது. முதலில் சொன்ன நாளுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். எத்தனையோ பெரிய அறிக்கைகள் சொல்லாததை அந்த இடைவெளி சொல்லும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவது கடமையாக இருந்தும் எழுதவில்லை என்பது ஒரு தகவல்தான்.

பார்வையாளர் புத்தகத்தையும் மறக்காதீர்கள். கலெக்டர், ஜட்ஜ், ஊர்ப் பிரமுகர் வந்து பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுவார்கள். பெரும்பாலும் ‘திருப்தி’ என்ற ஒரே வரிதான். அபூர்வமாக யாராவது கஞ்சியைக் கிளறிப் பார்த்திருப்பார். அந்தப் பக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தேடுவது எங்கே என்றால், அந்தந்த மத்தியச் சிறையிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும். விண்ணப்பத்தில் பெயரை மட்டும் எழுதினால் வேலை நடக்காது. ஜெயில் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. முனியாண்டி ஒரு டிக்கெட்டில் மூணாண்டி ஆகியிருப்பார். அப்பா பெயர், ஊர், தாலுகா, தண்டித்த கோர்ட், தீர்ப்பு மாதம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். கைதி எண் எங்கேயாவது கிடைத்துவிட்டால் அதையே முதலில் போடுங்கள். மற்ற எல்லாப் புத்தகமும் அந்த எண்ணில்தான் ஒன்றோடொன்று கோத்திருக்கும். விடுதலைத் தேதி தீர்ப்புக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் பதற வேண்டாம், தண்டனைக் குறைப்பு கழித்திருப்பார்கள். நகல் எடுக்கும்போது டிக்கெட்டின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் கேளுங்கள். எடைக் கட்டம் பல டிக்கெட்டுகளில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.