கிணற்று நீரில் எண்ணெய்க் கசிவைக் கண்காணிக்கும் முறை

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் அயற்கிணறுகளுக்குள் இறங்கிவிட்டது என்ற முறைப்பாடு சூடுபிடித்தபோது, ஒரே பகுதிக் கிணறுகளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வெளிவந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என 2019 ஏப்ரலில் தீர்ப்பானது. தண்ணீரை எப்போது, எந்த ஆழத்தில், எந்தப் போத்தலில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தே ஆய்வு முடிவு பெரிதும் மாறுவதால், கண்காணிப்பில் இறங்குவோர் முதலில் கிணற்றடி வேலையைப் பிழையின்றிச் செய்யப் பழக வேண்டும்.

வாளியை இறக்குவதற்கு முன்னர் நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கிணற்றுக் கட்டில் வர்ணத்தால் ஒரு புள்ளியிட்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே அளக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் நீர் வெடிப்புகள் வழியாக ஓடுவதால், அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ளது கெடக்கூடும். ஆகவே தூரத்தை மட்டும் வைத்துக் கிணறுகளைத் தெரிவு செய்யக் கூடாது. மாசு எட்டியிருக்க வாய்ப்பில்லாத ஒரு கிணற்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டு, மாதிரி எடுப்பதை அதிலிருந்தே தொடங்குங்கள்.

நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால், ஒரு குச்சியால் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்து அப்படியே பிரிந்து நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பக்டீரியாவின் வேலை. சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெயாக இருக்கலாம். கிணற்றுக் கட்டில் வைத்திருக்கும் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரத்தின் அடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் அதிலிருந்து சொட்டும் எண்ணெயே முழுப் பழியையும் அயலவர் மேல் போட்டுவிடும்.

5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்காணிப்புக் குழாய்க்கிணறாயின், ஒரு மீற்றர் நீருக்கு ஏறத்தாழ 2 லீற்றர்தான் இருக்கும். குழாயில் தேங்கிய நீர் வெளியேற அதைப்போல் மூன்று மடங்கு இறைத்து, நீரின் மின்கடத்துதிறனும் அமிலத்தன்மையும் நிலைபெற்ற பின்னர் மாதிரி எடுக்கலாம். மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீரும் கொண்ட தோட்டக் கிணற்றிலோ 28,000 லீற்றர் கிடக்கிறது. அதை மும்முறை இறைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே மேற்பரப்பிலிருந்து ஒரு மாதிரியும், குறித்த ஆழத்திலிருந்து இன்னொன்றும் எடுத்து, அன்று இறைப்பு நடந்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.

எண்ணெய், கிரீஸ் பரிசோதனைக்கு அகன்ற வாயுள்ள ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல் தேவை. மாதிரி நீரால் முதலில் அலசிவிட்டு நிரப்பும் நம் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும், ஏனெனில் அலசும்போது கண்ணாடியில் ஒட்டும் எண்ணெயும் கணக்கில் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். பெற்றோலில் உள்ள பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு 40 மில்லிலீற்றர்க் குப்பியைக் காற்றுக் குமிழி இல்லாதபடி நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குமிழி ஏறினால் அதை விட்டுவிட்டு வேறொரு குப்பியில் எடுங்கள். இரண்டையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

எரிபொருள் நிரப்பு நிலையத்தின் அருகிலாயின் பென்சீன் பரிசோதனையை ஆய்வுகூடத்திடம் அவசியம் கேட்க வேண்டும். மின்நிலையத்துக் கனரக எண்ணெயில் அது குறைவு. அங்கே எண்ணெய், கிரீஸ் அளவே முதன்மையானது. இலங்கைக் குடிநீர் நியமம் எண்ணெய், கிரீஸுக்கு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது; உலக சுகாதார நிறுவனம் பென்சீனுக்கு 0.01 மில்லிகிராமைச் சொல்கிறது. அந்த அளவில் பென்சீனை மூக்கால் உணர முடியாது என்பதால், ‘மணக்கவில்லை’ என்ற வாக்கியத்தைப் பதிவேட்டில் சேர்த்தாலும் முடிவாகக் கொள்ளாதீர்கள்.

ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்க, மிதக்கும் எண்ணெயும் பாறையில் பூசியபடி இறங்கும். வடகீழ்ப் பருவமழையில் மட்டம் ஏறும்போது அதில் ஒரு பகுதி நீருக்கடியில் சிக்கிக்கொள்வதால், மேற்பரப்பு தெளிந்ததுபோல் தோன்றும். எனவே வரட்சியின் முடிவிலும் மழைக்குப் பின்னர் தை மாதத்திலும் அதே கிணற்றில், அதே புள்ளியில் மாதிரி எடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும், ஆய்வுகூடத்தில் தூய நீர் நிரப்பி மூடிய ஒரு குப்பியைத் திறக்காமலே கொண்டுசென்று திரும்பக் கொடுங்கள். அதிலும் பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள் காணப்பட்டால், கோளாறு கிணற்றிலன்றி வாகனத்திலோ பெட்டியிலோ இருப்பதாகக் கொண்டு அன்றைய மாதிரிகளை மீண்டும் எடுக்க வேண்டும்.