அமெரிக்கக் காலேஜில் ஃப்ரட்டர்னிட்டிக்குக் கூப்பிடுகிறார்களா? சேருவதற்கு முன் இதைப் படியுங்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கமிருந்து அமெரிக்கா போகிற தம்பி தங்கச்சிகளிடமிருந்து இரண்டாவது வாரமே மெசேஜ் வந்துவிடும்: "அண்ணா, வளாகத்துல மேசை போட்டு கூப்பிடுறாங்க, ஏதோ ஆல்ஃபா, டெல்ட்டான்னு பேரு, சேரலாமா?"

சேரலாம். ஃப்ரட்டர்னிட்டி என்பது ஒரு மாணவர் சங்கம்தான். நம்ம தெரு கேரம் கிளப்பை நினைத்துக்கொள்ளுங்கள், சந்தா உண்டு, சீனியர் சொல்வதைக் கேட்கணும், ஒருத்தன் வேலைக்குப் போனால் அடுத்தவனையும் இழுத்துவிடுவான். அங்கேயும் அதேதான், பெயர் மட்டும் கிரேக்க எழுத்தில். 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கம் ஆரம்பித்து வைத்த பழக்கம் அது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். சோஷியல் என்பது நட்புக்கும் பழக்கத்துக்கும், அதில் ஆண்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்குத்தான், அதனால் எம்.எஸ். படிக்கப் போனவர்கள் இதை விட்டுவிடலாம். புரொஃபஷனல் என்பது படிப்பை ஒட்டியது, பொதுவாக ஆண் பெண் இருவரும் சேரலாம். பொறியியலுக்கு தீட்டா டாவ், வணிகத்துக்கு ஆல்ஃபா கப்பா சை, இரண்டுமே 1904-ல் தொடங்கியவை. சோஷியல் ஒன்று, புரொஃபஷனல் ஒன்று என்று இரண்டிலும் இருக்கலாம். இரண்டு சோஷியலில் கால் வைக்க முடியாது. நம்ம ஊர் முகங்கள் வேண்டும் என்றால் தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவையும் இருக்கின்றன, 1998-ல் ஆஸ்டினில் வந்த டெல்ட்டா எப்சிலான் சை மாதிரி.

செமஸ்டர் தொடக்கத்தில் 'ரஷ்' என்று ஆள் சேர்க்கும் நாட்கள் வரும். நாலு இடத்துக்குப் போங்கள், பீட்சா சாப்பிடுங்கள், பேசிப் பாருங்கள், அதற்காக எதிலும் சேர்ந்தாக வேண்டியதில்லை. உங்களைப் பிடித்திருந்தால் 'பிட்' என்று அழைப்பு தருவார்கள். கூச்சப்படாமல் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

முதல் கேள்வி பணம். சேரும்போது ஒரு கட்டணம், அப்புறம் செமஸ்டருக்கு ஒரு சந்தா, தலைமையகத்துக்கு ஒரு பங்கு, காப்பீடு, சட்டை, விருந்து, சில இடங்களில் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் வேறு. மொத்தத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மா நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார் என்றால் டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இரண்டாவது 'ஹேசிங்'. வேறொன்றுமில்லை, நம்ம ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, அங்கேயும் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம்தான், ஆனாலும் புதுசா வந்தவனை அளவில்லாமல் குடிக்க வைத்து உயிரே போன சம்பவங்கள் உண்டு. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, தங்கள் வளாகத்தில் இருக்கும் எந்தச் சங்கக் கிளை ஹேசிங்கில் மாட்டியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் இணையதளத்தில் போட வேண்டும். கிளையின் பெயரை அதில் தேடுங்கள். "புது ஆட்கள் என்னென்ன செய்யணும்?" என்று நேராகவே கேளுங்கள், "அது ரகசியம்" என்று சிரித்தால் கிளம்பிவிடுங்கள். சடங்கில் ரகசியம் இருக்கலாம், அதுவரை பரவாயில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே கூட்டிப் போவார்கள் என்பதில் இருக்கக் கூடாது. குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆகணும், குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் விசாவே ரத்தாகலாம்.

நான் புரொஃபஷனல் ஒன்றில்தான் இருந்தேன். முதல் கூட்டத்துக்கு டை கட்டி வரச் சொன்னார்கள், எனக்குக் கட்டத் தெரியாது, வாசலில் நின்ற சீனியர் அக்காதான் முடிச்சுப் போட்டுவிட்டார். அப்புறம் என் ரெஸ்யூமேயை நாலு முறை அடித்துத் திருத்தியதும் அதே அக்காதான். கொடுத்த சந்தா அதிலேயே கழிந்துவிட்டது.

மனசு ஒப்பவில்லை என்றால் பிட்டை மறுத்து, நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பினால் போதும். அடுத்த செமஸ்டரிலும் அதே மேசையைப் போடுவார்கள்.