ஆரஞ்சுக்கு வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

‘நம்ம நாரத்தங்காய்தான் ஆரஞ்சு ஆனது’ என்று பலர் பெருமையோடு சொல்கிறார்கள். எனக்கும் பிடித்த செய்திதான். ஆனால் ‘நாரத்தை’ என்ற சொல்லிலிருந்து ‘ஆரஞ்சு’ என்ற சொல்லுக்கு ஒரே தாவில் போய்விடக் கூடாது. வழியைக் காட்டாவிட்டால் அது வெறும் ஒலி ஒற்றுமையாக நின்றுவிடும்.

வழி இதுதான்: சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ஜ், ஸ்பானியத்தில் நரன்ஹா, இத்தாலியத்தில் அரான்ச்சா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஆரஞ்சு. சமஸ்கிருதச் சொல்லே திராவிடத்திலிருந்து போயிருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ‘திராவிடம்’ என்பதை ‘தமிழ்’ என்றும், ‘இருக்கலாம்’ என்பதை ‘நிரூபணம்’ என்றும் மாற்றிச் சொல்வது நம் வாதத்தைத்தான் பலவீனமாக்கும்.

சங்க இலக்கியத்தில் ‘நரந்தம்’ வருகிறதே என்பார்கள். குறிஞ்சிப்பாட்டின் பூக்களில் வரும் நரந்தத்தை நாரத்தம்பூ என்று கொள்வதுண்டு. சரி. ஆனால் புறநானூற்றில் கவரி மேய்வது நரந்தை என்னும் மணமுள்ள புல். இரண்டு இடத்திலும் பழத்தைக் கொண்டுபோய் வைக்க முடியாது. பாட்டைப் படித்துவிட்டுத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

சொல் ஒன்று என்பதால் பழமும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு தவறு. கேரளத்தில் நாரங்ஙா வெள்ளம் கேட்டால் எலுமிச்சைச் சாறு வரும். ஈரானில் நாரஞ்ஜ் என்பது புளிப்பும் கசப்புமான பழம். அரபுகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும் அந்தக் கசப்பு வகையைத்தான். இனிப்பு வகையைப் பின்னால் போர்த்துக்கீசிய வணிகர்கள் பரப்பினார்கள். அதனால் அதற்கு ஈரானில் போர்த்தெகால், துருக்கியில் போர்த்தகால், கிரேக்கத்தில் போர்த்தொகாலி என்று அவர்கள் நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. டச்சுக்காரர்களோ ‘சீன ஆப்பிள்’ என்கிறார்கள்.

அப்புறம், முதலெழுத்தான ‘ந’ ஆங்கிலத்தில்தான் உதிர்ந்தது என்ற கதை. இல்லை, இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முன்பே உதிர்ந்துவிட்டது. நிறத்தைப் பார்த்துப் பழத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்பதும் தலைகீழ். ஆங்கிலத்தில் பழத்தின் பெயர்தான் 16ஆம் நூற்றாண்டில் நிறத்துக்குப் போனது.

நெதர்லாந்து அரச குடும்பத்தின் ‘ஒரான்யே’ என்ற பெயரும் பழத்திலிருந்து வந்ததல்ல. அது தெற்கு பிரான்சிலுள்ள ஓர் ஊரின் பெயர். ரோமானியர் காலத்தில் அராவுசியோ. பழத்தின் பெயரும் ஊரின் பெயரும் தனித்தனியாகத் தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. டச்சு ஆட்டக்காரர்கள் இன்றும் ஆரஞ்சுச் சட்டை போடுவது அதனால்தான்.