தகட்டுக் கவசத்தை வாள் வெட்டுமா? உங்கள் ஆர்பிஜி மேசைக்குச் சில ஹவுஸ் ரூல்கள்

ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டுதான் ஆர்பிஜி. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், தலை முதல் கால் வரை தகட்டுக் கவசம் பூண்ட ஒருவனை நண்பன் லாங்ஸ்வேர்டால் (நீள வாள்) வெட்டிச் சாய்த்தான். இருபது முகப் பகடையில் 19 விழுந்தது, விதிப்படி சரிதான். ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது நடக்காது. எஃகுத் தகட்டின் மேல் வாளை வீசினால் கீறல் விழும், அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய, நாமே மேசையில் சேர்த்துக்கொள்ளும் விதிகளை (ஹவுஸ் ரூல்) சொல்லத்தான் இந்தப் பதிவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன். அதில் கவசம் வெறும் ஆர்மர் கிளாஸ் எண்; தாக்குபவரின் எண் அதை எட்டினால்தான் அடி விழும். தகட்டுக் கவசத்துக்கு 18. அடிப்பது வாளா சம்மட்டியா என்று அந்த எண் பார்ப்பதில்லை. அடி விழுந்தால் எவ்வளவு சேதம் என்று பார்க்க இரண்டுக்கும் அதே எட்டு முகப் பகடை.

படி 1: எடையைத் தொடாதீர்கள்

புதியவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். “அந்தக் காலத்து வாள் பத்துக் கிலோ இருக்குமே” என்பார்கள். இல்லை. லாங்ஸ்வேர்ட் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான்; விதிப்புத்தகமும் 3 பவுண்டு என்றே சொல்கிறது. கவசத்துக்கு அது போட்டிருக்கும் 65 பவுண்டுதான் கொஞ்சம் அதிகம். போர்க்களக் கவசங்கள் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. அந்தச் சுமையும் உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் ஓடலாம், விழுந்தால் எழலாம். வீரர்களைப் பாரந்தூக்கி வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்பது கட்டுக்கதை.

படி 2: எதிராளி என்ன போட்டிருக்கிறான் என்று பாருங்கள்

மூன்று வகை போதும். துணி அல்லது தோல்: எல்லா ஆயுதமும் முழுச் சேதம். சங்கிலிக் கவசம்: வெட்டு பாதி, குத்து முழுசு. தகடு: வெட்டும் பாதி, குத்தும் பாதி, கூர்மூக்குள்ள வார் பிக் மட்டும் விலக்கு. சம்மட்டி, கதாயுதம் மாதிரி நசுக்கும் ஆயுதங்களுக்கு எங்கேயும் முழுச் சேதம். உலோகம் கிழியாவிட்டாலும் உள்ளே இருக்கும் மண்டை அதிரும் அல்லவா?

இதற்கு மேல் போகாதீர்கள். 1978இல் வந்த பதிப்பில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவசத்துக்கும் தனித்தனி எண் போட்ட அட்டவணை இருந்தது. பல குழுக்கள் அதைச் சீண்டவே இல்லை.

படி 3: வாள்காரனுக்கு வழிவிடுங்கள்

சேதத்தைப் பாதியாக்கியதும் வாள் வைத்திருப்பவர் முகம் சுருங்கும். அவருக்கும் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஜெர்மானிய வாள் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சண்டைச் சுவடியில் வீரர்கள் வாளின் அலகையே கையால் பிடித்திருக்கிறார்கள். ஒரு கை பிடியில், மறு கை அலகின் நடுவில். அப்படியே குட்டை ஈட்டி போல அக்குளிலும் முகமூடியின் துளையிலும் முனையைச் செருகுவது ஒரு முறை. வாளைத் தலைகீழாகத் திருப்பி, குறுக்குக்கம்பியால் சம்மட்டி மாதிரி அடிப்பது இன்னொன்று. கை அறுந்துபோகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். அழுத்திப் பிடித்தால் அறுக்காது, வழுக்கினால்தான் அறுக்கும்.

விதி: இரண்டு முறைக்கும் ஆறு முகப் பகடை, தாக்கும் எண்ணில் 2 குறைவு, கவசத்தால் சேதம் பாதியாகாது.

படி 4: குத்துவாளுக்கு மரியாதை கொடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விதிப்புத்தகத்தில் குத்துவாளுக்கு நான்கு முகப் பகடை; மந்திரவாதி இடுப்பில் சும்மா தொங்கும் பொருள். நிஜத்தில் கவச வீரன் அதிகம் பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான். கவசப் போர் பெரும்பாலும் மல்யுத்தத்தில் போய் முடியும். கட்டிப் பிடித்து, கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, ராண்டல் என்ற விறைப்பான குத்துவாளைக் கவசத்தின் இடுக்கில் இறக்குவார்கள். 1415இல் அஜின்கோர்ட் போர்க்களத்தின் சேற்றில் தடுமாறிய பிரெஞ்சு வீரர்கள் மேல் ஆங்கில வில்லாளிகள் வில்லைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த சம்மட்டி, கோடரி, குத்துவாளோடு பாய்ந்தார்கள்.

விதி: எதிராளியைக் கிராப்பிள் செய்து (கட்டிப் பிடித்து) கீழேயும் தள்ளிவிட்டால், குத்துவாளுக்கு மட்டும் கவசம் கணக்கில்லை. ஆர்மர் கிளாஸ் 10, அதோடு அவனுடைய டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (சுறுசுறுப்புக்கான கூட்டல் எண்), சேதமும் முழுசு. குத்துவதற்கு முன் “சரணடைகிறாயா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பணக்காரக் கைதிக்குப் பிணைப்பணம் கிடைக்கும், பிணத்துக்குக் கிடைக்காது.

வில்லைப் பற்றி ஒரு வரி: 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே லாங்போவுக்கு (நீள வில்) பாத்திரத்தின் ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) எண் 13 கட்டாயம் என்று வையுங்கள்.

படி 5: ஒரே ஒரு சண்டையில் சோதியுங்கள்

தொடர் ஆட்டத்தில் நேரடியாக நுழைக்க வேண்டாம். தகடு போட்ட காவலன் ஒருவன், ஆட்டக்காரர்கள் இருவர், அரை மணி நேரம். டிராகன் மாதிரி மிருகங்களுக்குப் பழைய விதியே இருக்கட்டும். இவை கவசம் அணிந்தவர்களுக்கு மட்டும். எதிரிகள் கையிலும் சம்மட்டி கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கவசம் போட்ட ஆட்டக்காரரை அசைக்கவே முடியாது.

நாங்கள் சோதித்த அன்று நண்பனின் லாங்ஸ்வேர்ட் மூன்று சுற்று வீணாகப் போனது. நான்காவது சுற்றில் காவலனைக் கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டான், ஆனால் இடுப்பில் குத்துவாள் இல்லை. அடுத்த வாரம் அவனுடைய கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத்தாள்) முதல் வரியே அதுதான்: குத்துவாள், 2 பொற்காசு.