மோல் கணக்கு: எதைக் கேட்டாலும் முதலில் மோலுக்கு மாற்றுங்கள்

வேதியியலில் மோல் கணக்கு என்றதும் பலர் நாலைந்து சூத்திரங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு அறையில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அவ்வளவெல்லாம் தேவையில்லை. டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. இரண்டுமே எண்ணிக்கைதான்.

சரி, ஒரு கணக்கு. 11 கிராம் கார்பன் டை ஆக்சைடில் எத்தனை மூலக்கூறுகள்?

முதலில் மூலக்கூறு நிறை. கார்பனுக்கு 12, இரண்டு ஆக்சிஜனுக்கு 32, ஆக 44. அதாவது 1 மோலின் எடை 44 கிராம்.

அடுத்து, கொடுத்த எடையை அதால் வகுங்கள்: 11 ÷ 44 = 0.25 மோல். கணக்கில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம் கேள்வி எதைக் கேட்கிறதோ அதற்கு மாற்ற வேண்டியதுதான். மூலக்கூறுகள் என்றால் 0.25 × 6.022 × 10²³, அதாவது 1.5055 × 10²³. அணுக்கள் என்று கேட்டிருந்தால் இதை மூன்றால் பெருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மூலக்கூறில் மூன்று அணுக்கள். கேள்வியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடிக்கோடு போட்டுவிடுங்கள். கன அளவு என்றால் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் 1 மோல் வாயு 22.4 லிட்டர், ஆக 0.25 × 22.4 = 5.6 லிட்டர். இந்த 22.4 வாயுக்களுக்கு மட்டும்தான். 1 மோல் திரவ நீர் வெறும் 18 மில்லிலிட்டர்தான் இருக்கும், அதற்குப் போய் 22.4 லிட்டர் என்று எழுதி வைப்பவர்களும் உண்டு!

வினைச் சமன்பாடு வந்தாலும் இதே வழிதான். 2 ஹைட்ரஜன் மூலக்கூறும் 1 ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து 2 நீர் மூலக்கூறு. இந்த 2, 1, 2 எல்லாம் மோல் விகிதம், கிராம் இல்லை. 4 கிராம் ஹைட்ரஜன் என்றால் 2 மோல்; அதற்கு 1 மோல் ஆக்சிஜன், 32 கிராம், வேண்டும்; கிடைப்பது 2 மோல் நீர், 36 கிராம். 4-ம் 32-ம் கூட்டினால் 36 வருகிறதா? வந்தால் எடைக் கணக்கு சரி.

இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்: 9 கிராம் நீரில் மொத்தம் எத்தனை அணுக்கள்? 9.033 × 10²³ வர வேண்டும். 3.011 × 10²³ வந்திருந்தால், அடிக்கோடு போட மறந்துவிட்டீர்கள்.